'மட்டும்' வேறு, 'தான்' வேறு: ஆங்கிலத்தில் 'ஒன்லி' எழுதும்போது

கோலாலம்பூரில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரின் கேள்வி இது. வாடிக்கையாளர் ஒருவருக்கு 'ஐ ஒன்லி அப்ரூவ்ட் த பேமெண்ட்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 'நான்தான் ஒப்புதல் கொடுத்தேன், கவலைப்படாதீர்கள்' என்பது அவர் சொல்ல வந்தது. 'அப்படியானால் பணத்தை அனுப்ப வேண்டியவர் யார்?' என்று பதில் வந்திருக்கிறது. கணினியின் இலக்கணத் திருத்தி ஒரு கோடுகூடப் போடவில்லை. தவறு எங்கே, ஒன்லி என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று கேட்கிறார். எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வை எழுதப்போகும் மகனுக்கும் இதே குழப்பமாம்.

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. அதனால்தான் திருத்தி பேசாமல் இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் நீங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை. ஆங்கிலம் படிப்பவருக்கு அது 'நான் ஒப்புதல் மட்டும்தான் கொடுத்தேன், மற்றது என் பொறுப்பில்லை' என்று கேட்கும். பொறுப்பை ஏற்க எழுதிய வரி பொறுப்பைக் கைகழுவும் வரியாகிவிட்டது. 'ஐ வாஸ் த ஒன் ஹு அப்ரூவ்ட் த பேமெண்ட்' என்றோ, யார் என்பதில் சந்தேகமே இல்லாத இடத்தில் வெறுமனே 'ஐ அப்ரூவ்ட் த பேமெண்ட்' என்றோ எழுதியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

இந்தச் சறுக்கலின் வேர் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் வரம்பு கட்ட 'மட்டும்' இருக்கிறது. அழுத்திச் சொல்ல 'தான்' இருக்கிறது. இரண்டும் வேறு வேலை. 'நான் மட்டும் போனேன்' என்றால் வேறு யாரும் வரவில்லை. 'நான்தான் போனேன்' என்றால் போனது யார் என்ற கேள்விக்குப் பதில்; கூட நாலு பேர் வந்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. பேச்சு ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் சேர்த்து நாம் ஒன்லி என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தின் ஒன்லியோ பெரும்பாலும் 'மட்டும்' வேலையைத்தான் செய்யும். 'தான்' செய்யும் வேலைகளில் சிலவற்றை மட்டுமே அது தொடும்.

அடுத்த சிக்கல் இடம். மட்டும், தான் இரண்டும் சொல்லின் வாலில் ஒட்டுபவை. ஒன்லி தலைமாட்டில் நிற்பது. மலேசியாவில் படித்தவர்களுக்கு இதை நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி உண்டு. மலாயில் இரண்டு வகையும் இருக்கிறது. 'ரொக்கம் மட்டும்' என்பதை 'துனாய் சஹாஜா' என்றால் சஹாஜா பின்னால், 'ஹன்யா துனாய்' என்றால் ஹன்யா முன்னால். சஹாஜா நம் 'மட்டும்' மாதிரி. ஒன்லி, ஹன்யா மாதிரி. எழுதும்போது கை தடுமாறினால், இந்த வாக்கியத்தை மலாயில் சொன்னால் ஹன்யா எங்கே வரும் என்று ஒரு நொடி யோசியுங்கள். பெரும்பாலும் ஒன்லியும் அங்கேதான்.

அப்படியானால் 'ஸ்டாஃப் ஒன்லி', 'கேஷ் ஒன்லி' என்று கடைக்கதவில் ஒட்டியிருப்பது? அது பலகை மொழி. வினைச்சொல் இல்லாத துண்டு வாசகத்தில் ஒன்லி கடைசியில் வருவது ஆங்கிலத்துக்கே உரிய வழக்கம்தான், நம் கண்டுபிடிப்பு அல்ல. முழு வாக்கியமாக எழுதத் தொடங்கியதும் அந்தப் பழக்கத்தைப் பலகையிலேயே விட்டுவிட வேண்டும்.

இடம் மாறினால் பொருள் எப்படி மாறும் என்பதை ஒரே வாக்கியத்தை வைத்துப் பார்த்துவிடலாம். பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை, தீவிலிருந்து பட்டர்வர்த்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வாழையிலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூல வாக்கியம்: 'வீ டெலிவர் பனானா லீஃப் ரைஸ் டு பட்டர்வர்த் ஆன் ஃப்ரைடேஸ்'.

'ஒன்லி வீ டெலிவர்' என்று தொடங்கினால், நாங்கள் மட்டும்தான், வேறு கடை கிடையாது. 'வீ டெலிவர் ஒன்லி பனானா லீஃப் ரைஸ்' என்றால் வாழையிலைச் சாப்பாடு மட்டும்தான், பிரியாணி கேட்காதீர்கள். 'ஒன்லி டு பட்டர்வர்த்' என்றால் பட்டர்வர்த்துக்கு மட்டும். புக்கிட் மெர்தாஜாம்காரர்கள் மன்னிக்கவும். 'ஒன்லி ஆன் ஃப்ரைடேஸ்' என்றால் வெள்ளிக்கிழமை மட்டும். நான்கிலும் ஒன்லி எதன் முன்னால் நிற்கிறதோ அதைத்தான் பூட்டுகிறது.

மிச்சமிருப்பது 'வீ ஒன்லி டெலிவர் பனானா லீஃப் ரைஸ் டு பட்டர்வர்த் ஆன் ஃப்ரைடேஸ்'. குழப்பமெல்லாம் இதில்தான். வினைக்கு முன்னால் நிற்கும் ஒன்லி, தனக்கு வலப்பக்கம் இருக்கும் எதை வேண்டுமானாலும் பூட்டலாம்: கொண்டுபோய்க் கொடுப்பதையா, சாப்பாட்டையா, ஊரையா, நாளையா? பேசும்போது எந்தச் சொல்லைக் குரல் தூக்குகிறதோ அதுதான் விடை. எழுத்தில் குரல் இல்லை. படிப்பவர் தன் வசதிக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை பட்டர்வர்த்திலிருந்து ஒருவர் அழைத்து 'இங்கேதானே கொண்டுவருவதாகப் போட்டிருந்தீர்கள்' என்று கேட்டால் அவர்மேல் தவறில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: வினைக்கு முன் நிற்கும் ஒன்லி வலப்பக்கம் மட்டும்தான் பார்க்கும். இடப்பக்கம் இருக்கும் எழுவாயை அது தொடாது. உங்கள் 'ஐ ஒன்லி அப்ரூவ்ட்' விழுந்த குழி இதுதான். 'ஐ' மேல் ஒட்டுவதற்காக நீங்கள் பின்னால் வைத்த ஒன்லி, ஆங்கிலக் கண்ணுக்கு 'அப்ரூவ்ட்' மேல் ஒட்டிவிட்டது. 'பேரண்ட்ஸ் ஒன்லி கேன் சைன்' என்ற வாசகமும் இதே ரகம். பெற்றோர் மட்டும்தான் கையெழுத்திடலாம் என்று நினைத்து எழுதுவார்கள். யாராவது அதைச் சீர்படுத்துகிறேன் என்று 'பேரண்ட்ஸ் கேன் ஒன்லி சைன்' என்று மாற்றினால், பெற்றோர் கையெழுத்துப் போடலாம், வேறெதுவும் செய்யக்கூடாது என்றாகிவிடும். சரியானது 'ஒன்லி பேரண்ட்ஸ் கேன் சைன்'.

இதைப் படித்துவிட்டு எல்லா ஒன்லியையும் பிடுங்கி நடவும் வேண்டாம். 'ஐ ஒன்லி ஹேவ் டென் ரிங்கிட்' என்பது நல்ல ஆங்கிலம். பத்து ரிங்கிட்தான் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் யாருக்கும் தோன்றாது. 'ஐ ஹேவ் ஒன்லி டென் ரிங்கிட்' என்றுதான் எழுத வேண்டும் என்று அடம்பிடிக்கும் இலக்கணக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறார்கள். ஆங்கில வழக்குகளுக்கு அகராதி எழுதிய ஃபவ்லர், 1926-இலேயே அவர்களைக் கேலி செய்தார். ஒரு வாரத்துக்கு முன்புதான் இறந்தார் என்பதை 'ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ' என்று இயல்பாகச் சொல்வதைத் தடுப்பானேன், யாருக்கும் பொருள் தவறாதே என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம். கடிதம், கட்டுரை, நண்பருக்கு எழுதும் செய்தி எதிலும் வினைக்கு முன் ஒன்லி இருக்கலாம். பணம், நாள், உரிமை, பொறுப்பு இந்த நான்கில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் மட்டும் கறாராக இருங்கள். பூட்ட வேண்டிய சொல்லுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வையுங்கள்.

வினைக்கு முன் என்று சொன்னதில் ஒரு நுணுக்கம். துணைவினை இருந்தால் ஒன்லி அதற்குப் பின்னால் வரும்: 'வீ கேன் ஒன்லி ரிஃபண்ட்', 'வீ ஹேவ் ஒன்லி ரிசீவ்ட்'. நம் ஊரில் பரவலாகக் கேட்கும் 'வீ ஒன்லி கேன்', மலாயின் 'ஹன்யா போலே' (ஒன்லி கேன்) வழியாக வந்ததாக இருக்கலாம். பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள், எழுத்தில் உறுத்தும். இரண்டு துணைவினை இருந்தால் முதலாவதற்குப் பின்: 'வில் ஒன்லி பி பெய்ட்'. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' தனியாக நின்றால் அவற்றுக்கும் பின்: 'த கவுண்டர் இஸ் ஒன்லி ஓபன் டில் நூன்'.

இனி 'தான்' பக்கம் வருவோம். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் பிழை குவிவது இங்கேதான். 'தான்' குரலின் அழுத்தத்தை எழுத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடும் ஒட்டு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சிறு ஒட்டு இல்லை. அது வாக்கியத்தின் கட்டையே மாற்றி அழுத்தத்தைக் காட்டும், அல்லது வேறு சொல்லைக் கூப்பிடும். ஆகவே தமிழில் நினைத்து எழுதுபவர் தன் 'தான்' எந்த வகை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆளையோ பொருளையோ சுட்டும் 'தான்' முதல் வகை. அவர்தான் சொன்னார், இந்தக் கோப்புதான் காணாமல் போனது. இதற்கு 'ஹி வாஸ் த ஒன் ஹு டோல்ட் மி', 'திஸ் இஸ் த ஃபைல் தட் வென்ட் மிஸ்ஸிங்'. 'ஹி ஒன்லி டோல்ட் மி' என்றால் அவர் சொன்னதோடு சரி, செய்யவில்லை என்றோ, என்னிடம் மட்டும் சொன்னார் என்றோ போய்விடும். அலுவலக மின்னஞ்சலில் யார் எதைச் செய்தார் என்ற விசாரணை வரும்போது இந்த ஒரு கட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டாலே பாதித் தகராறு தீரும்.

இடத்தையும் முறையையும் சுட்டும் 'தான்' இன்னொன்று. 'ஹியர் ஒன்லி', 'லைக் தட் ஒன்லி' என்று வரும். இங்கேதான் வைத்தேன் என்பதற்கு 'ஐ லெஃப்ட் இட் ரைட் ஹியர்'. இந்த அலுவலகத்தில்தான் நடந்தது என்பதற்கு 'இட் ஹாப்பண்ட் இன் திஸ் வெரி ஆஃபிஸ்'. அப்படித்தான் செய்வோம் என்பதற்கு 'தட் இஸ் ஹவ் வீ டூ இட்'. 'சேம் பர்சன் ஒன்லி' என்பதில் ஒன்லியை வெட்டிவிட்டாலே போதும். 'த சேம் பர்சன்' என்பதில் அழுத்தம் ஏற்கெனவே இருக்கிறது.

நேரத்தைத் தொடும் 'தான்' கொஞ்சம் வில்லங்கமானது, ஏனென்றால் அதற்குள்ளேயே இரண்டு இருக்கிறது. 'இப்பதான் பசியாறுனேன்' என்பதில் 'சற்று முன்' என்ற பொருள். இதை 'நவ் ஒன்லி ஐ ஏட்' என்று எழுதினால் தமிழரல்லாதவருக்குப் புரியாது. 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்பதே வழக்கம். நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் பிரிட்டிஷ் வழக்கில் இந்த 'ஜஸ்ட்' பெரும்பாலும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' உடன் வரும்; அதன் பின் வினையின் மூன்றாவது வடிவம். 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஏட்' என்று இரண்டாவது வடிவத்தைப் போட்டுவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

'ஜஸ்ட் நவ்' என்று எழுதினால் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் மலேசியாவுக்குள். இங்கே அது, 'முன்பு' என்று பொருள்படும் மலாயின் 'தாடி' என்ற சொல்லின் வேலையைச் செய்கிறது. காலையில் நடந்ததை மாலையிலும் 'ஜஸ்ட் நவ்' என்போம். வெளிநாட்டவர் அதைச் சில நொடிகளுக்கு முன்பு என்று எடுத்துக்கொண்டு மின்னஞ்சல் பெட்டியை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார். வெளியே போகும் கடிதத்தில் 'அட் டென் திஸ் மார்னிங்' என்று மணியைப் போட்டுவிடுவது உத்தமம்.

நேரத்தின் இன்னொரு 'தான்' தாமதம். 'பார்சல் திங்கட்கிழமைதான் வந்தது.' இங்கே திங்கட்கிழமை மட்டும் வந்தது என்று பொருளில்லை. அதுவரை வரவில்லை என்று பொருள். 'த பார்சல் ஒன்லி அரைவ்ட் ஆன் மண்டே' என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் தாமதத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல ஆங்கிலத்திடம் இதைவிட நல்ல கருவி இருக்கிறது: 'த பார்சல் டிட் நாட் அரைவ் அன்டில் மண்டே'. இழப்பீடு கேட்கும் கடிதங்களில் இதையே பயன்படுத்துங்கள். 'டுடே ஒன்லி ஐ நோ' என்று பேச்சில் வருவதும் இதே குடும்பம். இன்றுதான் தெரியும்: 'ஐ டிட் நாட் நோ அன்டில் டுடே'. 'நோ' இரண்டு வேறு சொற்கள் என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. இங்கே இருப்பது 'தெரியும்' என்ற வினை.

'அப்பதான்' கடைசி. மலேசிய ஆங்கிலத்தின் முத்திரைச் சொல்லான 'தென் ஒன்லி' இதுதான். 'பே ஃபர்ஸ்ட், தென் ஒன்லி கேன் டேக்.' தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் இதைச் சொல்கிறோம், ஏனென்றால் மலாயின் 'பாரு' இதே வேலையைச் செய்கிறது: 'பாயார் டுலு, பாரு போலே அம்பில்'. கடையில் இப்படிப் பேசுவதில் குறையொன்றுமில்லை, ஊரே புரிந்துகொள்கிறது. எழுத்தில் மூன்று வழி இருக்கிறது. 'யூ கேன் கலெக்ட் இட் ஒன்லி ஆஃப்டர் யூ பே' என்று நிபந்தனையைப் பின்னால் வைக்கலாம். 'ஒன்லி தென் கேன் யூ கலெக்ட் இட்' என்று இரண்டாவது வாக்கியமாகப் போடலாம். அல்லது ஒன்லியே இல்லாமல் 'ப்ளீஸ் பே பிஃபோர் கலெக்டிங்' என்று முடிக்கலாம். அறிவிப்பு என்றால் மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கும். மரியாதையாகவும் இருக்கிறது, சொல்லும் குறைவு.

அந்த இரண்டாவது வழியில் 'கேன் யூ' என்று கேள்வி மாதிரி திரும்பியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மகனுக்குச் சொல்ல வேண்டிய பகுதி இது. ஒன்லி ஒரு நேரத்தையோ இடத்தையோ நிபந்தனையையோ கூட்டிக்கொண்டு வாக்கியத்தின் தொடக்கத்துக்கு வந்தால், முக்கிய வாக்கியத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும். துணைவினை இல்லாவிட்டால் 'டூ', 'டஸ்', 'டிட்' ஒன்றை வரவழைக்க வேண்டும். 'ஒன்லி ஆஃப்டர் த பேங்க் கன்ஃபர்ம்ட் டிட் வீ ரிலீஸ் த கூட்ஸ்.' வங்கி உறுதிசெய்த பிறகுதான் சரக்கை விட்டோம்.

பிழை இதில் மூன்று விதமாக வரும். சிலர் திருப்பவே மாட்டார்கள்: 'ஒன்லி ஆஃப்டர் த பேங்க் கன்ஃபர்ம்ட் வீ ரிலீஸ்ட்'. சிலர் தவறான பாதியைத் திருப்புவார்கள்: 'ஒன்லி ஆஃப்டர் டிட் த பேங்க் கன்ஃபர்ம்'. ஒன்லியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணைவாக்கியம் நேராகத்தான் இருக்க வேண்டும். திரும்புவது அதற்கடுத்த முக்கிய வாக்கியம். இன்னும் சிலர் 'டிட்' போட்டுவிட்டு வினையையும் இறந்தகாலத்திலேயே விட்டுவிடுவார்கள்: 'டிட் வீ ரிலீஸ்ட்'. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொண்டாயிற்று. வினை மூல வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். இடையில் காற்புள்ளியும் வேண்டாம்.

ஒன்லி எழுவாயையே பூட்டிக்கொண்டு தொடக்கத்தில் நின்றால் திருப்பம் கிடையாது. 'ஒன்லி ரவி நோஸ் த பாஸ்வேர்ட்', அவ்வளவுதான். 'ஒன்லி டஸ் ரவி நோ' என்று திருப்பத்தைக் கற்ற உற்சாகத்தில் இங்கேயும் திருப்புகிறவர்கள் உண்டு.

எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் எழுத்துத்தாளில் முதல் பகுதி சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், அடுத்தது 125 முதல் 150 சொல், மூன்றாவது 200 முதல் 250 சொல். 80 சொல் மின்னஞ்சலில் இந்தத் திருப்பமெல்லாம் செயற்கையாகத் தெரியும். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் செந்தமிழ் பேசுவது மாதிரி. மூன்றாவது பகுதியில் ஒரே ஒரு இடத்தில் வைத்தால் நன்றாக இருக்கும். இரண்டாவது முறை வைத்தால் மனப்பாடம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

'நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ' பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் மகன் அதைப் பயன்படுத்தாமல் இருக்கப்போவதில்லை. தராசு மாதிரி பாருங்கள்: 'நாட் ஒன்லி'க்குப் பின்னால் எந்த வகைச் சொல் வருகிறதோ, 'பட் ஆல்ஸோ'வுக்குப் பின்னாலும் அதே வகை வர வேண்டும். 'ஷி டீச்சஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ மலாய்': இரண்டு தட்டிலும் மொழி, சரி. 'ஷி நாட் ஒன்லி டீச்சஸ் தமிழ் பட் ஆல்ஸோ மலாய்': ஒரு தட்டில் வினை, மற்றதில் மொழி, தராசு சாய்கிறது. வினையை முன்னால் வைக்க ஆசையென்றால் இரண்டாவது பக்கமும் ஒரு வினை கொடுங்கள்: '...பட் ஆல்ஸோ ரைட்ஸ் இன் மலாய்'. 'நாட் ஒன்லி' வாக்கியத்தைத் தொடங்கி வினையைத் தொட்டால் இங்கேயும் திருப்பம் உண்டு: 'நாட் ஒன்லி டஸ் ஷி டீச் தமிழ்'. எழுவாய் இரண்டாக இருந்தால் வினை அருகில் இருப்பதற்கு இணங்கும்: 'நாட் ஒன்லி த ஸ்டூடண்ட்ஸ் பட் ஆல்ஸோ த டீச்சர் வாஸ் லேட்'.

ஒப்பந்தம், கடை நிபந்தனை எழுதுகிறவர்கள் 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டையும் கலந்துவிடக் கூடாது. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'இஃப்' என்றால் 'இருந்தால்'. 'ஒன்லி இஃப்' என்றால் 'இருந்தால்தான்'. ரசீது இருந்தால் பணம் திருப்பித் தருவோம் என்பது வாக்குறுதி. ரசீது இருந்தால்தான் தருவோம் என்பது தடை. ரசீது கொண்டுவந்தவருக்கெல்லாம் தருவதாக அது சொல்லவில்லை, பொருள் உடைந்திருந்தால் மறுக்கவும் இடம் வைக்கிறது. கடைக்காரருக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி 'இஃப் ஒன்லி' என்றாக்கினால் அது ஏக்கம்: 'இஃப் ஒன்லி ஐ ஹேட் கெப்ட் த ரிசீட்', ரசீதை மட்டும் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நிபந்தனைத் தாளில் ஏக்கத்துக்கு வேலையில்லை.

எண்ணுக்கு முன்னால் ஒன்லி வந்தால் 'வெறும்' என்ற சாயல் ஏறும். 'யூ ஹேவ் பெய்ட் ஒன்லி டூ ஹண்ட்ரட் ரிங்கிட்' என்பது கணக்கு அல்ல, குத்தல். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது அன்றாடம் வரும். 'வீ ஹேவ் ரிசீவ்ட் டூ ஹண்ட்ரட் ரிங்கிட்' என்று ஒரு வாக்கியம், மீதி எவ்வளவு என்று அடுத்த வாக்கியம். கேட்கிற பணமும் வரும், கேட்டவர்மேல் மனக்கசப்பும் வராது.

காசோலையில் 'ரிங்கிட் மலேசியா டூ தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி' என்று எழுதுவது இதோடு சேராது. அங்கே ஒன்லி 'வெறும் 2,500' என்று சொல்வதில்லை. தொகைக்குப் பின்னால் யாரும் சொல் சேர்த்துவிடாமல் போடும் தாழ்ப்பாள் அது. மலாயில் எழுதினால் அதே இடத்தில் சஹாஜா. மின்னஞ்சலில் தொகைக்குப் பின்னால் ஒன்லி போடும் பழக்கம் காசோலையிலிருந்து தொற்றியதாக இருக்கலாம். மின்னஞ்சலில் அதற்கு வேலை எதுவும் இல்லை, எடுத்துவிடலாம்.

சில்லறை விஷயங்கள் இன்னும் கொஞ்சம். 'ஆன் ஒன்லி சைல்ட்' என்றால் ஒரே பிள்ளை. 'ஒன்லி எ சைல்ட்' என்றால் சின்னப் பிள்ளைதானே என்ற பரிவு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் இணைகோடு போடுங்கள்: கேடிஎம் கம்யூட்டர் ரயிலில் 2010 முதல் இருக்கும் மகளிர் பெட்டியை 'விமென்-ஒன்லி கோச்' என்று எழுத வேண்டும். 'லிமிட்டட் டு ஒன்லி ஃபிஃப்டி சீட்ஸ்' என்பதில் 'லிமிட்டட்' ஏற்கெனவே வரம்பு கட்டிவிட்டது, ஒன்லி எதற்கு? 'வேலிட் அன்டில் மார்ச் தேர்ட்டி-ஃபர்ஸ்ட் ஒன்லி' என்பதும் அப்படியே. 'ஐ வாண்ட் டு கம், ஒன்லி ஐ ஹேவ் கிளாஸ்' என்று 'ஆனால்' பொருளில் போடுவது ஆங்கிலேயர் பேச்சிலும் உண்டு. கடிதத்தில் 'பட்' போடுங்கள்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க இலக்கணத் திருத்தியை நம்பாதீர்கள். ஒன்லி எங்கே நின்றாலும் பெரும்பாலும் இலக்கணம் உடையாது, பொருள்தான் மாறும். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது அதற்குத் தெரிய வேண்டும். கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி ஒன்லி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று அந்த வாக்கியத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாயில் 'மட்டும்' வந்தால், எந்தச் சொல்லின் வாலில் வந்ததோ அந்தச் சொல்லின் தலைமாட்டுக்கு ஒன்லியை நகர்த்துங்கள். 'தான்' வந்தால் மேலே சொன்ன வகைகளில் எது என்று பார்த்து மாற்றுங்கள். 'வெறும்' வந்தால், அந்தத் தொனி உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள். எதுவும் வராவிட்டால் வெட்டிவிடுங்கள்.

ஒரு முழு அறிவிப்பில் செய்து பார்ப்போம். ஜார்ஜ்டவுனில் ஒரு டியூஷன் மையம் இப்படி எழுதுகிறது என்று வையுங்கள்: 'ரெஜிஸ்ட்ரேஷன் ஒன்லி ஓபன் ஆன் சாட்டர்டே. பேரண்ட்ஸ் ஒன்லி கேன் சைன். பே ஃபர்ஸ்ட் தென் ஒன்லி கெட் புக்ஸ். ஃபீ இஸ் ஃபிஃப்டி ரிங்கிட் ஒன்லி.'

முதல் வரியில் 'மட்டும்' சனிக்கிழமைமேல், வினையும் இல்லை. 'ரெஜிஸ்ட்ரேஷன் இஸ் ஓபன் ஒன்லி ஆன் சாட்டர்டேஸ்.' இரண்டாவதில் 'மட்டும்' பெற்றோர்மேல். 'ஒன்லி பேரண்ட்ஸ் கேன் சைன் த ஃபார்ம்.' பாதுகாவலரும் கையெழுத்திடலாம் என்றால் அதை இங்கேயே சேருங்கள், ஏனென்றால் இந்த ஒன்லி தாத்தா பாட்டியையும் வெளியே நிறுத்திவிடும். மூன்றாவதில் 'அப்பதான்'. 'புக்ஸ் வில் பி கிவன் ஆஃப்டர் பேமெண்ட்.' இங்கே ஒன்லி தேவையில்லை. நான்காவதில் வாயில் என்ன வருகிறது என்று பாருங்கள். 50 ரிங்கிட் வெறும் தொகைதான் என்று பெற்றோரை இழுக்க நினைத்தால் 'த ஃபீ இஸ் ஒன்லி ஃபிஃப்டி ரிங்கிட்'. கட்டணத்தைத் தெரிவிப்பது மட்டுமே நோக்கம் என்றால் 'த ஃபீ இஸ் ஃபிஃப்டி ரிங்கிட்', அதன்பின் முற்றுப்புள்ளி.